கார்டுக்கு முன் மானிட்டர்

பெட்டியின் மேல் '4 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். விலையும் கைக்கு அடக்கமாக இருக்கும். மாதாமாதம் மிச்சம் பிடித்த காசில் ஒரு மாணவர் அதை வாங்கிப் போவார். உள்ளே இருப்பது 2014-ல் வெளிவந்த ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு. அதற்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வருவது 2021-லேயே நின்றுவிட்டது. 4 ஜிபி நினைவகம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நினைவகத்தை நிரப்பும் அளவுக்கு வேலை செய்ய அந்தச் சில்லுக்குத் தெம்பு கிடையாது. இப்படிப் பணத்தைத் தொலைப்பவர்கள் பலர். கிராஃபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தாலே இதைத் தவிர்த்துவிடலாம்.

ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, சுவரின் மேற்பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்றெல்லாம் பார்த்துக் கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் இந்தக் கணக்கு நொடிக்குப் பன்னிரண்டு கோடி முறைக்கு மேல் நடக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு புள்ளியின் கணக்கு முடியும்வரை அடுத்த புள்ளி காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் கணினியின் பிராசசரில் வலுவான கோர்கள் சிலவே இருக்க, கிராஃபிக்ஸ் சில்லில் சிறிய கோர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060-ல் 3584.

1440பி மானிட்டரில் புள்ளிகள் 36,86,400. 4கே திரையில் 82,94,400, அதாவது ஃபுல் எச்டியைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஆகவே 'இது நல்ல கார்டா?' என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. எந்த மானிட்டருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25,000 ரூபாய் கார்டு ஒன்று நீங்கள் ஆடும் கேமில் நொடிக்கு 70 படங்கள் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32,000 ரூபாய் கார்டு 100 தருகிறது. விலையைப் படங்களால் வகுத்தால் முதல் கார்டில் ஒரு படத்துக்குச் சுமார் 357 ரூபாய், இரண்டாவதில் 320. விலை கூடிய கார்டே லாபம் என்று தோன்றும். ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது நொடிக்கு 60 முறைக்கு மேல் படத்தை மாற்றாது. இரண்டையும் 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: 417, 533. விடை தலைகீழாகிவிட்டது. அந்த 7,000 ரூபாயை மானிட்டருக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் ஒல்லியாக இருந்தால் குளியலறையில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். ஜிபி என்பது தொட்டியின் கொள்ளளவு. குழாயின் அகலத்தைப் பிட் கணக்கிலும், நொடிக்கு எவ்வளவு பாய்கிறது என்பதை ஜிபி கணக்கிலும் தனியாகச் சொல்வார்கள். பெட்டியின் முகப்பில் இவை பெரும்பாலும் இருக்காது.

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்றன. 12 ஜிபி கார்டு 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. 8 ஜிபி கார்டு 128 பிட், 240 ஜிபி. கோர்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனாலும் பின்னது தெளிவாகவே வேகம் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வடிவத்தில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் 2560-லிருந்து 2304-ஆகக் குறைந்தன. இவற்றையெல்லாம்விட மோசம் ஜிடி 1030. ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி தந்த கார்டு, 2018-ல் டிடிஆர்4 நினைவகத்தோடு அதே பெயரில் மறுபடி வந்தபோது 16.8 ஜிபிதான் தந்தது. வேறு கார்டுக்கு வேறு பெயர் வைப்பதே நேர்மை. கார்டு நிறுவனங்கள் அதைச் செய்யாதவரை, பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துகளை நாம்தான் படித்தாக வேண்டும்.

ஆனால் பிட் எண்ணை வைத்துத் தலைமுறை விட்டுத் தலைமுறை ஒப்பிடக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 128 பிட்தான். இருந்தும் 3060-ஐ முந்துகிறது. சில்லுக்குள்ளேயே இருக்கும் இரண்டாம் நிலை கேஷ் என்ற சிறு நினைவகம் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக வளர்ந்ததால் அது வெளி நினைவகத்தை அடிக்கடி நாடுவதில்லை. கடைசியில் நம்ப வேண்டியது, அதே மாடலை அதே கேமில் ஓட்டிச் சோதித்தவர்கள் தரும் எண்களைத்தான். அதிலும் சராசரியோடு நிற்காமல், மிக மெதுவாக ஓடிய தருணங்களைக் காட்டும் '1 சதவீத லோ' என்ற வரியையும் பாருங்கள். தடுமாற்றம் தெரிவது அங்கேதான்.

தொட்டி நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? வழிந்த தரவு கணினியின் ராமுக்குப் போகும். 4060 தன் நினைவகத்தோடு பேசும் வேகம் நொடிக்கு 272 ஜிபி. ராமிலிருந்து மதர்போர்டு வழியாக வருவதோ சுமார் 16 ஜிபி. அந்த இடைவெளியால்தான் காட்சி திரையில் வெட்டி வெட்டி ஓடும். 2023-ல் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகம், வெளியான சமயத்தில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தது. பிறகு திருத்தங்கள் வந்து நிலைமை தேறியது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மட்டுமே ஆடுவேன் என்பவருக்கு 8 ஜிபி தாராளம். பெரிய கதைக் கேம்களை நாலைந்து வருடம் ஆட நினைப்பவர் புதிதாக 8 ஜிபி கார்டு வாங்குவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. 2025-ல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் அறிவித்த விலை வித்தியாசம் 50 டாலர். அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது.

விளம்பரத்தில் வரும் உயரமான பட்டைகளைக் கண்டு மயங்க வேண்டாம். 2025 ஜனவரியில் என்விடியா, 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ல் முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-ன் திறன் கிடைக்கும் என்று மேடையில் அறிவித்தது. கணக்கிட்ட படங்களுக்கு நடுவே ஊகித்து வரைந்த படங்களைச் செருகினால்தான் அந்த எண் வரும். காட்சி வழவழப்பாகும், உண்மை. ஆனால் மவுஸை அசைத்தால் துப்பாக்கி திரும்பும் வேகம் அதனால் கூடாது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தால், புதியதற்குப் பணம் எடுக்குமுன் கேமின் ரெசல்யூஷனைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் பிராசசர்தான் பின்னால் இழுக்கிறது. கார்டை மாற்றிப் பெரிய பயன் இருக்காது. இன்டெல்லின் ஆர்க் பி580 விஷயத்தில், கணினி எவ்வளவு பழையது என்று பார்ப்பது இன்னும் முக்கியம். 249 டாலர் அறிவிப்பு விலைக்கு 12 ஜிபி தரும் அருமையான கார்டு அது. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி பயாஸில் இல்லாத பழைய கணினியில் போட்டால் நன்றாகவே பின்தங்கிவிடும்.

கேபினட்டைத் திறந்து, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். 8 பின் இணைப்பு ஒன்று மேலும் 150 வாட் தரும். 115 வாட் கேட்கும் 4060-க்கு நம்பகமான 500 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி இவ்வளவு விலையுள்ள பொருளை மாட்டாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் நல்ல கார்டு கிடைக்குமா என்றால், கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டதும், நாணயம் தோண்டப் பயன்பட்ட கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. இரவும் பகலும் ஓடியதாலேயே சில்லு கெட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. தேய்வது ஃபேன், காய்வது தெர்மல் பேஸ்ட். கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, திரையில் நிறப் புள்ளிகள் சிதறுகின்றனவா, ஃபேன் கரகரக்கிறதா என்று பாருங்கள். பழைய சில்லுக்குப் புதுப்பெயர் சூட்டிய போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அத்தகைய கார்டுகள் பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கார்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.