மாத்திரை போட்டும் நாள் தள்ளுகிறதா? பதறாதே பெண்ணே! பனியன் கம்பெனி பெண்களை தூங்கவிடாத '7 நாள்' கணக்கு

திருப்பூர்:-

பனியன் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிக்கிறது. பவர் டேபிள் மெஷின்கள் நிற்கின்றன. கைமடி வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி டிபன் பாக்சை திறக்காமலே உட்கார்ந்து இருக்கிறாள். பக்கத்தில் செக்கிங் பகுதி அக்கா.

"என்ன கண்ணு, சோறு திங்கலையா?"

"நாலு நாள் தள்ளிப் போச்சுக்கா. இன்னும் வரலை."

"அன்னைக்கே மாத்திரை போட்டேன்னு சொன்னியே?"

"போட்டேன்க்கா. அப்புறம் ஏன் வரலை?"

திருப்பூரில் எந்த கம்பெனியிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. கேள்வி சின்னது. ஆனால் சரியான பதில் கிடைக்காமல் பெண்கள் படும் பாடு பெரிது.

மாத்திரை செய்யும் வேலை

அவசர கருத்தடை மாத்திரையில் இருப்பது 'லெவோநார்ஜெஸ்ட்ரல்' என்ற மருந்து. அளவு 1.5 மில்லி கிராம். உறவுக்கு பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

கருமுட்டை வெளியே வருவதை இது தள்ளிப்போடுகிறது. முட்டை தள்ளிப்போனால் மாதவிடாயும் தள்ளிப்போகும். ஆகவே நாலைந்து நாள் பிந்தினால் உடனே 'முழுகாமல் இருக்கிறோம்' என்று முடிவு கட்டவேண்டாம். சிலருக்கு முன்னாலேயே வந்துவிடும். சிலருக்கு நடுவில் லேசாக ரத்தம் படும். ஒரு வாரம் வரை முன்னே பின்னே ஆவது சகஜம்தான்.

மாத்திரை மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஒன்றரை ஷிப்ட் வேலை, தூக்கமின்மை, கவலை, அரைவயிற்று சாப்பாடு, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவையும் நாளை தள்ளிவிடும்.

7 நாள் தாண்டினால்?

வழக்கமான தேதியில் இருந்து 7 நாள் தாண்டிவிட்டதா? இனி சும்மா இருக்கக்கூடாது. சிறுநீர் சோதனை செய்யவேண்டும். தேதி சரியாக தெரியாதவர்கள், உறவு நடந்த நாளில் இருந்து 3 வாரம் கழித்து சோதித்தால் போதும். அதற்கு முன் அவசரப்பட்டால், கர்ப்பம் இருந்தாலும் 'இல்லை' என்று காட்டிவிடலாம்.

ஏனென்றால் இந்த மாத்திரை நூற்றுக்கு நூறு உத்தரவாதம் அல்ல. போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போடவேண்டும். டி.பி. மருந்து, வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு பலன் குறையலாம். முக்கியமாக, போட்ட பிறகு நடக்கும் உறவுக்கு இது காவல் நிற்காது!

அடிவயிற்றில் ஒரு பக்கமாக கடும் வலி, மயக்கம், விடாத ரத்தப்போக்கு இருந்தால் நாள் கணக்கு பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. கரு குழாயில் தங்கி இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கடையில் 'இல்லை'!

இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று 2005-ம் ஆண்டு மத்திய அரசு அறிவித்தது. 2007-ம் ஆண்டு 'ஐ-பில்' விற்பனைக்கு வந்தது. டெலிவிஷனில் விளம்பரமும் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. பிறகு பெரும்பாலான மருந்து கடைகளில் மாத்திரையே காணாமல் போனது! சட்டப்படி தடை இல்லை. ஆனால் கேட்டால் "இல்லைம்மா" என்ற பதில்தான். அதோடு ஒரு மாதிரியான பார்வை வேறு.

அந்த பார்வைக்கு பயந்துதான் ஆபத்து ஆரம்பம். நாள் தள்ளியதும் சிலர் பப்பாளிக்காயை தேடுகிறார்கள். சிலர் அதே மாத்திரையை இன்னொரு தடவை விழுங்குகிறார்கள். அதனால் மாதவிடாய் வந்துவிடாது. கர்ப்பமும் கலையாது. கணக்குதான் குழம்பும். இன்னும் சிலர் யாரோ காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் 'கலைக்கும் மாத்திரை'யை வாங்குகிறார்கள். டாக்டர் சொல்லாமல் அதை தொடவே கூடாது.

பெயர் தெரியாத மாத்திரை எவ்வளவு தூரம் புழங்குகிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2019-ம் ஆண்டு 'தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன்' செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆடை தொழிற்சாலை பெண்கள் சுமார் 100 பேரிடம் விசாரித்தார்கள். மாதவிடாய் வலிக்கு வேலை இடத்தில் கொடுத்த மாத்திரைகளில் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை என்ற தகவல் வெளியாகி பரபரப்பு உண்டாக்கியது. எந்த மாத்திரை போட்டோம் என்று தெரியாவிட்டால் டாக்டராலும் உதவ முடியாது. உறையை தூக்கி எறியாதீர்கள்!

சட்டம் துணை இருக்கிறது

சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால்? 'மாத்திரை போட்டோமே, குழந்தை ஊனமாகுமோ?' என்று பயப்படவேண்டாம். இந்த மருந்தால் கருவுக்கு கெடுதல் வந்ததாக ஆதாரம் இல்லை.

வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. 1971-ம் ஆண்டு கருக்கலைப்பு சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கருத்தடை முறை தோற்றுப்போனால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவின் பேரில் கலைக்கலாம். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும். 2022 செப்டம்பர் 29-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, 20 முதல் 24 வாரம் வரை உள்ள சலுகையிலும் மணமாகாதவர்களை ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது.

18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டாம். பெயரை வெளியே சொன்னால் டாக்டருக்கே தண்டனை உண்டு.

எங்கே போவது?

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் சிறுநீர் சோதனைக்கு காசு கிடையாது. போன் எண் 104-ல் கேட்டால் ஆலோசனை கிடைக்கும். இனி இந்த பயமே வேண்டாம் என்பவர்கள் காப்பர்-டி பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அதுவும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். உறவுக்கு பின் 5 நாளுக்குள் வைத்தால் மாத்திரையைவிட பலமாக தடுக்கும்.

கம்பெனி அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து மெஷின் பெண் அழுதால், "எவன் கூட சுத்துனே?" என்று கேட்காதீர்கள். "எத்தனை நாள் ஆச்சு கண்ணு? சோதிச்சுப் பார்த்தியா?" என்று கேளுங்கள். காகிதப் பொட்டல மாத்திரையில் இருந்து ஒரு உயிரை அந்த கேள்வி காப்பாற்றும்.