நாலு வயலின், நாலு ஹார்ப்சிகார்டு, நாற்பது விரல்... தெரியுமா?

மேற்கத்திய இசையின் பிதாமகர் பாக். அவரே இன்னொருவர் எழுதிய வயலின் இசையை எடுத்து, வாத்தியத்தை மாற்றி, புது உருப்படியாக்கி அசத்தியிருக்கிறார் தெரியுமா? அந்த 'இன்னொருவர்' இத்தாலியின் விவால்டி!

● விவால்டி ஒரு பாதிரியார் தெரியுமா? தலைமுடி செக்கச் சிவப்பு! அதனால் ஊரே வைத்த பெயர் 'சிவப்புப் பாதிரியார்'. 1703-இல் வெனிஸ் நகரத்து அநாதை இல்லமான பியெத்தாவில் பெண்களுக்கு வயலின் வாத்தியார் ஆனார். அந்தப் பெண்கள் வாசிப்பதைக் கேட்க வெளிநாட்டுப் பயணிகளெல்லாம் குவிவார்கள். ஆனால் முகம் தெரியாது! மாடத்தில், கம்பி வலைக்குப் பின்னால்தான் வாசிப்பு!

● ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் நிற்க, ஒருவரோ பலரோ முன்னால் வந்து வெளுத்து வாங்கினால் அது கான்செர்டோ. விவால்டி எழுதியவை எத்தனை தெரியுமா? சுமார் 500!

● 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய 12 கான்செர்டோக்கள் ஒரே தொகுப்பாக அச்சேறின. அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? முதலாவது நாலு வயலினுக்கு, அடுத்தது இரண்டுக்கு, அதற்கடுத்தது ஒன்றுக்கு. மறுபடி நாலு, இரண்டு, ஒன்று! கடைசி வரை இதே வரிசை!

● அந்த 12-இல் பாக் கை வைத்தது எத்தனை? சரிபாதி, 6! மூன்று தனி ஹார்ப்சிகார்டுக்கு, இரண்டு ஆர்கனுக்கு, ஒன்று... நாலு ஹார்ப்சிகார்டுக்கு! இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை!

● இத்தாலிய இசை ஜெர்மனியில் இருந்த பாக்கின் கைக்கு எப்படி வந்தது? வைமார் இளவரசர் யோகான் எர்ன்ஸ்ட் 1713-இல் நெதர்லாந்தில் படிப்பை முடித்துத் திரும்பியபோது கொண்டுவந்த இசைப் பிரதிகள் வழியாக என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அப்போது இளவரசருக்கு வயது 16! அவரும் கான்செர்டோ எழுதுவார். அவற்றையும் பாக் விட்டுவைக்கவில்லை!

● நாலு ஹார்ப்சிகார்டு மேட்டருக்கு வருவோம். 1730 வாக்கில், லைப்சிக்கில், தொகுப்பின் பத்தாவது கான்செர்டோவை எடுத்தார் பாக். நாலு வயலின் போச்சு, நாலு ஹார்ப்சிகார்டு வந்தது! எட்டுக் கை, நாற்பது விரல்! இப்படி நாலு ஹார்ப்சிகார்டுக்கு பாக் எழுதியது இது ஒன்றே ஒன்றுதான்!

● ஹார்ப்சிகார்டு பியானோ மாதிரி தந்தியைத் தட்டாது, மீட்டும்! விசையை அழுத்தினால் உள்ளே ஒரு மரத்துண்டு எழும்பும். அதில் செருகிய பறவை இறகின் தண்டு தந்தியைச் சுண்டிவிடும். சுண்டிச் சுண்டி இறகு தேய்ந்தால் புதிது மாற்ற வேண்டும்!

● வாத்தியத்தை மாற்றியபோது பாக் சுருதியையும் ஒரு கட்டை இறக்கினார். ஏன் தெரியுமா? வயலின் அநாயாசமாக எட்டிப்பிடிக்கும் உச்ச ஸ்வரத்துக்கு அவருடைய ஹார்ப்சிகார்டில் விசையே கிடையாது! தன் சொந்த வயலின் கான்செர்டோக்களை ஹார்ப்சிகார்டுக்கு மாற்றியபோதும் இதே ஒரு கட்டைதான்!

● நாலு ஹார்ப்சிகார்டு கான்செர்டோவின் நடுப்பகுதியைக் காது கொடுத்துக் கேளுங்கள். வேகம் தணிந்து, நாலு பேரும் ஒரே ஸ்வரக்கூட்டத்தை உதிரி உதிரியாக வாசிக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு தினுசு! ஒருவர் இழைக்கிறார், ஒருவர் வெட்டி வெட்டி விடுகிறார். நாலும் சேர்ந்தால் மழைச்சாரல்!

● இந்தக் கச்சேரியெல்லாம் எங்கே? அரண்மனையா? இல்லை, காபிக் கடை! 1729 முதல் பாக் நடத்திய இசைக்குழு வாரந்தோறும் வாசித்தது லைப்சிக்கின் சிம்மர்மான் காபி ஹவுஸில். டிக்கெட் கிடையாது, காபி விற்ற காசு கடைக்காரருக்கு!

● பாக் வீட்டில் எத்தனை ஹார்ப்சிகார்டு? 1750-இல் அவர் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் 5! போதாதென்று இரண்டு லூட்-ஹார்ப்சிகார்டு, ஒரு ஸ்பினெட் வேறு!

● விவால்டியின் இன்னொரு கான்செர்டோவை பாக் ஆர்கனுக்கு மாற்றினார் அல்லவா? அந்தக் கையெழுத்துப் பிரதியின் மேல் அவருடைய மூத்த மகன் பிற்காலத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார்! 'அப்பா வெறுமனே நகல் எடுத்தார்' என்று குறிப்பு வேறு! உலகமும் நெடுங்காலம் நம்பியது!

● 1741-இல் வியன்னாவில் ஏழையாகச் செத்த விவால்டியை உலகம் சுத்தமாக மறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பாக்கை ஆராயப் போனவர்கள்தான் 'யார் இந்த விவால்டி?' என்று தேடினார்கள்! 1926-இல் இத்தாலியில் ஒரு பாதிரியார் பள்ளி, கட்டட மராமத்துக்குப் பணமில்லாமல் பழைய ஏடுகளை விற்கப் பார்த்தது. பிரித்தால், கட்டுக்கட்டாக விவால்டி! இறந்துபோன தங்கள் சின்னஞ்சிறு மகன்களின் நினைவாக இரண்டு செல்வந்தர்கள் காசு கொடுக்க, எல்லாம் டூரின் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன!

● நம்மூர் ஆச்சரியம் ஒன்று! பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு உருப்படியைத் தானே 1731-இல் ஆர்கனுக்கு மாற்றி, டிரம்பெட் எல்லாம் சேர்த்தார். 1986-இல் அதே உருப்படியை எடுத்து விளையாடியவர் யார் தெரியுமா? 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தில் நம்ம இளையராஜா!

நாலு வயலின், நாலு ஹார்ப்சிகார்டு, இரண்டுமே பத்துப் பத்து நிமிடம்தான். அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஓட்டு பாதிரியாருக்கா, பாக்குக்கா?