புல்வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல டேங்க்ல இருக்குற பெட்ரோலைப் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் தென்னந்தோப்புகளில் புல் மண்டிவிடும். மாசக்கணக்கில் மூலையில் கிடந்த பிரஷ் கட்டரை எடுத்துக் கயிறு இழுத்தால், கை வலிப்பதுதான் மிச்சம்!

என்ன காரணம்?

பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20% வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணியும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். டியூப் உறிஞ்சுவது அதைத்தான். பல மெஷின்களின் மேனுவலில் 10% எத்தனாலுக்குத்தான் அனுமதி. 'பங்க்ல வேற கிடைக்கலையே' என்கிறீர்களா? நியாயம்தான். அதனால்தான் சில வாரம் மெஷினை எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்க. வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீங்க. தோல் கழிவைச் சுமந்த பாலாறுக்கு இது வேறயா?

ஆயில் எவ்வளவு?

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனைக் காப்பது பெட்ரோலில் கலக்கும் ஆயில் மட்டுமே. மேனுவலில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. அவசரத்தில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும், செலவு பெருசு. ஃபோர் ஸ்ட்ரோக் மாடலில் ஆயிலைத் தனியாகத்தான் ஊற்றணும், கலக்கக் கூடாது.

புது பெட்ரோல் ஊற்றியும் கிளம்பவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைங்க. ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணியில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்க. அப்பவும் மசியலைன்னா கார்புரேட்டரில் அடைப்பு இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்க.