பண்டாரம் இல்லாத ஏழாம் உலகம்

ஏட்டிலிருந்து திரைக்கு – 11

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலில் வரும் போத்திவேலுப் பண்டாரம் பக்திமான். பெண்டாட்டி பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். மகள்களுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையவேண்டுமே என்ற கவலை அவரை விடாமல் அரிக்கிறது. நகைக்குக் கணக்குப் போடுகிறார், கடன் கேட்கிறார், சாமியிடம் மன்றாடுகிறார். அவர் செய்யும் தொழில் இது: கை கால் இல்லாதவர்களையும் உடல் கோணியவர்களையும் விலைக்கு வாங்கி, கோயில் வாசலில் உட்காரவைத்து, அவர்கள் முன்னால் விழும் காசை மாலையில் எண்ணி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது. அவர் வாயில் அவர்கள் ‘உருப்படிகள்’. ஓர் உருப்படி குழந்தை பெற்றால், அதுவும் ஊனத்தோடு பெற்றால், பசு கன்று போட்ட வீட்டுக்காரனைப் போல மனம் குளிர்கிறார்.

2003-ல் தமிழினி வெளியீடாக வந்த நாவல் இது. 2009 பிப்ரவரி 6-ஆம் தேதி பாலாவின் ‘நான் கடவுள்’ வெளியானபோது, இதன் உலகம் திரைக்கு வந்தது. நாவலின் பிச்சைக்காரர்கள் வந்தார்கள், இருட்டறைகள் வந்தன, பேரம் வந்தது, சிரிப்பும் வந்தது. போத்திவேலுப் பண்டாரம் மட்டும் வரவில்லை. இந்த வாரம் நான் எழுத நினைப்பது முழுக்க அந்த ஓர் ஆளைப் பற்றித்தான்.

சென்ற வாரங்களில் நாம் பார்த்த படங்கள் சிலவற்றில் நாவலாசிரியரும் இயக்குநரும் ஒரே திசையில் நடந்தார்கள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977-ல் படமானபோது ஜெயகாந்தனின் கங்கா கங்காவாகவே திரையில் இருந்தாள். ‘உதிரிப்பூக்க’ளிலோ மகேந்திரன் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துத் தன் நிலத்தில் ஊன்றினார். ‘நான் கடவுள்’ இந்த இரண்டு வகையிலும் சேராது. பாலாவிடம் ஏற்கெனவே ஓர் அகோரியின் கதை இருந்தது. காசியில் வளர்ந்து, சுடுகாட்டுச் சாம்பல் பூசி, பந்தம் எல்லாவற்றையும் அறுத்துவிட்டவன் ருத்ரன். ஜாதகத்துக்குப் பயந்து பிள்ளையைக் காசியில் விட்டுவந்த தகப்பன், பதினாலு வருஷம் கழித்துத் தேடிப்போய் ஊருக்கு அழைத்து வருகிறார். அந்த ஊரில்தான் ‘ஏழாம் உலக’த்தின் மனிதர்கள் இருக்கிறார்கள். இரண்டு கதைகளையும் ஒரே மலையடிவாரத்தில் சேர்த்துவைத்ததுதான் இந்தத் தழுவல். வசனமும் ஜெயமோகனே எழுதினார். அதற்கு முன் லோகிததாஸின் ‘கஸ்தூரி மான்’ படத்துக்கு வசனம் எழுதியிருந்தவர், தன் நாவலிலிருந்து பிறந்த படத்துக்கு எழுதியது இதுதான் முதல் தடவை.

ஜெயமோகன் எங்கள் மாவட்டத்துக்கு அந்நியர் அல்ல. தொண்ணூறுகளில் தருமபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தார். ‘ஏழாம் உலக’த்தின் மொழி குமரி மாவட்டத்து மொழி; எங்கள் கன்னடம், தெலுங்கு கலந்த பேச்சுக்கும் அதற்கும் வெகுதூரம். ஆனால் அந்த நாவலின் மனிதர்களை அடையாளம் காண மாரண்டஹள்ளிக்காரர்களான எங்களுக்கு அகராதி வேண்டியதில்லை. சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூருக்குப் போகும் ரயில் பாதை எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அந்தப் பாசஞ்சர் வண்டியில் பழைய சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டி பெட்டியாக வரும் பார்வையற்றவர்களை நாங்கள் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தோம். காசு போட்டோம். அவர்கள் எந்த நிலையத்தில் ஏறுகிறார்கள், ராத்திரி எங்கே படுக்கிறார்கள், அந்தக் காசு கடைசியில் யார் மடியில் போய்ச் சேருகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பண்டாரத்தின் தொழில் ஓடுவது இந்தக் கேட்காத தன்மையால்தான். நாவல் அதை நன்றாக அறிந்திருக்கிறது.

படம் வந்த நாட்களில் எங்கள் தெருவிலிருந்து சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். தக்காளி லோடு ஏற்றும் தம்பி ஒருவன் மறுநாள் காலை டீக்கடையில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அந்தப் பிச்சைக்காரங்க ஜாடை பேசிச் சிரிக்கறப்ப நானும் சத்தம் போட்டுச் சிரிச்சிட்டேங்ணா. அடுத்த சீன்ல அவங்கள வெலைக்கி விக்கறான். சிரிச்ச வாய என்ன பண்றதுன்னே தெரியல.” படத்தைப் பற்றி அப்போது வந்த எத்தனையோ விமர்சனங்களை வாசித்தேன். அவன் சொன்ன அளவுக்கு ஒன்றும் கிட்டே வரவில்லை.

பாலா ஜெயித்த இடம் அதுதான். காவல் நிலையத்தில் பழைய நட்சத்திரங்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு பாட்டுக்கு ஆடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகை அதிரச் சிரித்தது. சட்டம் காக்கவேண்டிய இடத்தில், சட்டம் காக்கவேண்டிய ஆட்கள் முன்னிலையில், யாருக்கும் சொந்தமில்லாத மனிதர்கள் பொழுதுபோக்காக நிறுத்தப்படுகிறார்கள். சிரிக்கும் நாமும் அந்த நிலையத்தின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பிச்சைக்காரர்களின் சிரிப்பு வேறு ரகம். அவர்கள் முதலாளியைக் கிண்டல் செய்கிறார்கள், காசு போடும் பக்தர்களைக் கிண்டல் செய்கிறார்கள், தங்கள் உடம்பைத் தாங்களே கிண்டல் செய்துகொள்கிறார்கள். நாவலில் ஒரு குழந்தைக்கு ரஜினிகாந்த் என்று பெயர் வைக்கிறார்கள்; அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆசை தீரக் கொஞ்சுகிறார்கள். பிச்சை எடுத்த காசு ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள், சிரிப்பைத் தங்களிடமே வைத்திருக்கிறார்கள். பண்டாரத்தால் கணக்கெழுத முடியாத ஒரே வரவு அது. இந்த உண்மையை நாவலிலிருந்து திரைக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்ததற்காக பாலாவையும் ஜெயமோகனையும் எத்தனை பாராட்டினாலும் தகும்.

திகில் எப்படி வந்தது என்பதில்தான் எனக்குப் படத்தோடு மனவருத்தம்.

நாவலில் திகில் பண்டாரத்தின் நல்ல குணத்திலிருந்து வருகிறது. ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, தன் மகளின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து நெஞ்சு பதறுகிறவர் அவர். அந்தப் பதற்றம் நடிப்பல்ல. அவர் நிஜமான தகப்பன். வாசிக்கும்போது அவருக்காக நம் மனம் இளகுகிறது. இளகிய அடுத்த கணம் நாம் எதற்காக இளகினோம் என்று உறைக்கிறது. ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. போலீஸ்காரருக்கு அவர் தெரிந்தவர், கோயில்காரர்களுக்கு வேண்டியவர். எவரும் அவரை அரக்கன் என்று சொல்லமாட்டார்கள். அவரைப் போன்ற நாலு பேர் எந்தக் கல்யாணப் பந்தலிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

படத்தில் அவருடைய இடத்துக்குத் தாண்டவன் வருகிறான். சண்டைக் கலைஞராகப் பல படங்களில் அடிவாங்கியிருந்த ராஜேந்திரன் இந்த வேடத்தில் திடுக்கிட வைத்தார். மழித்த தலை, கரகரத்த குரல், கண்ணில் ஈரமே இல்லாத பார்வை. நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாண்டவனைப் பார்த்த மாத்திரத்தில் பார்வையாளன் தப்பித்துவிடுகிறான். இவன் வேறு ஜாதி விலங்கு, நமக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். அரக்கன் வந்துவிட்டால் அவனை வதைக்கத் தெய்வம் வரும். ருத்ரன் வருகிறான். ஆர்யாவின் ருத்ரன் கண்களை உருட்டி நடந்துவரும்போது கொட்டகையில் விசில் பறந்தது. கொடுமை செய்தவன் செத்தான், கணக்கு தீர்ந்தது. நாவல் தீர்க்க மறுத்த கணக்கு அது.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு படத்தைப் பார்க்கவேண்டும். பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் எழுதிய ‘அமெரிக்கன் சைக்கோ’ நாவலை, வெளியிட ஒப்புக்கொண்டிருந்த சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனம் 1990-ல் கடைசி நேரத்தில் கைவிட்டது. 1991-ல் விண்டேஜ் பதிப்பகம் அதைக் கொண்டுவந்தது. பெண்கள் அமைப்புகள் கொதித்தன. ஆஸ்திரேலியாவில் பிளாஸ்டிக் உறையால் மூடி, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் விற்கவேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் வேலை செய்யும் பணக்கார இளைஞன் பேட்ரிக் பேட்மன் பெண்களையும் ஏழைகளையும் கொல்வதாகத் தானே சொல்லும் கதை. பக்கம் பக்கமாக ரத்தம்.

அதைப் படமாக்கியவர் மேரி ஹாரன் என்ற பெண் இயக்குநர். திரைக்கதையை கினவீர் டர்னர் என்ற இன்னொரு பெண்ணோடு சேர்ந்து எழுதினார். 2000-ல் படம் வந்தது. நாவலின் கொடூரத்தில் பெரும்பகுதியை அவர்கள் கேமராவுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். பேட்மனை மட்டும் தள்ளவில்லை. அவனை நட்ட நடுவில் நிறுத்தி, அவனுடைய தினசரி வாழ்க்கையைக் காட்டினார்கள். கூட வேலை செய்கிறவனின் விசிட்டிங் கார்டு தன்னுடையதைவிட அழகாக இருப்பதைப் பார்த்து அவனுக்கு வியர்க்கிறது. பெரிய ஓட்டலில் மேஜை கிடைக்காதது மானப்பிரச்சினையாகிறது. கிறிஸ்டியன் பேல் அந்த அற்பத்தனத்தை அத்தனை சிரத்தையோடு நடித்திருப்பார். நாம் சிரிக்கிறோம், சிரிக்கச் சிரிக்க, இவனைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் இவனைப் போலவே இருக்கிறார்கள், அதனால்தான் இவனை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது புரிகிறது. அந்தப் படத்தின் திகில் அங்கிருந்துதான் வருகிறது.

ஹாரன் ரத்தத்தைக் குறைத்து ஆளைக் காப்பாற்றினார். பாலா ரத்தத்தைக் கூட்டி ஆளை மாற்றினார்.

பண்டாரத்தை நடுவில் வைத்து ‘ஏழாம் உலகம்’ ஒரு படமாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசித்துப் பார்ப்பேன். நகைக்கடையில் மகளுக்கு வளையல் எடுத்துவிட்டுச் சில்லறையாக எண்ணிக் கொடுக்கும் தகப்பனை நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார், ஏனென்றால் கோயில் வாசல் காசு ராசியானது. தகப்பனுக்குப் பெருமை பொங்குகிறது. இது நாவலில் உள்ள காட்சியல்ல, நானாகக் கற்பனை செய்தது. ஆனால் நாவல் முழுக்க இந்தத் தொனியில்தான் நகர்கிறது. இதைப் பார்த்துக் கொட்டகை சிரிக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். ஒரு துளி ரத்தம் வேண்டாம்.

முடிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூஜா நடித்த அம்சவல்லி, பார்வையற்ற பாடகி. பழைய பாட்டுகளைப் பாடிப் பிழைத்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து தாண்டவனின் கூட்டத்தில் சேர்க்கிறார்கள். கடைசியில் முகமும் உடம்பும் சிதைக்கப்பட்டு ருத்ரனின் காலடியில் வந்து விழுகிறாள். தனக்கு விடுதலை கொடுக்கச் சொல்லிக் கேட்கிறாள். அவன் கொடுக்கிறான். பூஜாவின் நடிப்பும் இளையராஜாவின் இசையும் அந்தக் காட்சியில் நம்மைக் கலங்கடிக்கின்றன என்பது உண்மை. ஆனால் கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கொடுமைக்கு ஆளானவளுக்கு இந்தப் பூமியில் மிச்சமிருக்கும் ஒரே வழி சாவு என்று படம் தீர்மானித்துவிடுகிறது. அத்தனை நேரம் அந்த மனிதர்களின் சிரிப்பை, நட்பை, ஒருவருக்கொருவர் சோறு ஊட்டும் பாசத்தை நமக்குக் காட்டிய படம்தான் இப்படித் தீர்மானிக்கிறது. உடல் குறையோடு வாழ்கிறவர்களைக் காட்சிப்பொருளாக்கிவிட்டது என்ற விமர்சனம் படத்தின் மேல் எழுந்தது. அதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளமாட்டேன், அவர்களுக்குப் பேசவும் ஏசவும் கேலி செய்யவும் இவ்வளவு இடம் கொடுத்த தமிழ்ப்படம் அதற்கு முன் இல்லை. என் வழக்கு இந்த முடிவோடுதான்.

நாவலில் பண்டாரத்தின் உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை சாவு கேட்பதில்லை. பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தவள் அவள். அடுத்த குழந்தை மடியில் விழும்போது மறுபடியும் முதலிலிருந்து தாயாகிறாள். பால் கொடுக்கிறாள், ஏசுகிறாள், கொஞ்சுகிறாள். அவள் பாசத்தைப் பார்க்கும்போது பண்டாரத்தின் பாசமும் அவள் பாசமும் ஒரே தராசில் ஏறி நிற்கின்றன. எதற்குச் சமூகம் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்பது வெட்டவெளிச்சமாகிறது. பண்டாரம் இல்லாமல் முத்தம்மையைத் திரையில் கொண்டுவர முடியாது. தகப்பன் போனதால் தாயும் போனாள்; அவள் இருந்த இடத்தில் ஒரு பலியாடு மட்டும் வந்து நின்றது.

இத்தனையும் சொன்ன பிறகும், 56-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் பாலாவுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஒப்பனைக்கும் விருது வந்தது. ஆர்தர் வில்சனின் ஒளிப்பதிவில் காசியின் படித்துறைகளும் பிச்சைக்காரர்கள் அடைபட்ட நிலவறையும் ஒரே சாம்பல் நிறத்தில் இழைந்தன. எந்தத் தயாரிப்பாளரும் தொடத் தயங்கும் ஒரு நாவலை, முன்னணி நாயகனையும் இளையராஜாவையும் வைத்துத் தமிழ்நாடெங்கும் கொட்டகைகளில் ஓட்டிக் காட்டியது லேசான காரியமல்ல. நாவலை வாசிக்காத எத்தனையோ பேர் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் போனார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பிரதி கை மாறிக் கை மாறி அட்டை கிழியும்வரை சுற்றியது. 2023-ல் சுசித்ரா ராமச்சந்திரனின் மொழிபெயர்ப்பில் அது ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது.

தாண்டவனாக வந்த ராஜேந்திரனைப் பற்றி ஒரு செய்தி. அந்தப் படத்தின் பெயரே அவருக்கு அடைமொழியானது. அதன் பின் சில வருஷங்களில் அதே தலையும் அதே குரலும் தமிழ்ப்படங்களில் நகைச்சுவைக்கு உரியவையாகிவிட்டன. குழந்தைகள் அவரைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். அவருக்குள் அந்தச் சிரிப்பு 2009-லேயே இருந்திருக்கவேண்டும். பயமுறுத்தவும் சிரிக்கவைக்கவும் ஒரே முகத்தால் முடிந்த நடிகர் கையில் இருந்தார். போத்திவேலுப் பண்டாரமாக அவரை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, மகளுக்குத் தலை பின்னிவிடச் சொல்லியிருக்கலாம். இன்னும் யாராவது சொல்லலாம். நாவல் அப்படியே இருக்கிறது.

(அடுத்த வாரம்: மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, வெற்றிமாறனின் ‘விசாரணை’)