காலம் நிலையானால் உழைப்பு என்னவாகும்?

(இளங்கலை வணிகவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

ஊர் கூடினால் தேர் நகரும். நூறு பேர் வடம் பிடித்து அசையாத தேர், இருநூறு பேர் பிடித்ததும் நகர்ந்து நிலைக்கு வந்து சேர்கிறது. ஆனால் அதே ஊர் முழுவதும் திரண்டு நின்றாலும், அடைக்கு வைத்த கோழிமுட்டை பொரிய 21 நாட்கள் ஆகவே செய்யும். ஆள் சேர்த்தால் விரையும் வேலை ஒருவகை; எத்தனை ஆள் சேர்த்தாலும் விரையாத வேலை மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே திட்ட மேலாண்மையின் முதற்பாடம் எனலாம்.

இக்கலை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் வேலைகளையும் அவற்றுக்குரிய காலத்தையும் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையைப் பரப்பினார். 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தில் முக்கியப் பாதை முறையும், 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் ‘பெர்ட்’ முறையும் உருவாயின. பின்னர் இப்பணி கணிப்பொறிக்கு வந்தது. மைக்ரோசாப்ட் பிராஜெக்ட் என்ற மென்பொருளின் முதற்பதிப்பு 1984-இல் வெளியாயிற்று.

மூன்று அளவுகள்

இம்மென்பொருளின் உள்ளே இயங்குவது மிக எளிய பெருக்கல் கணக்கே:

உழைப்பு = காலம் × ஆள் அளவு

ஒருவர் நாளுக்கு 8 மணி வீதம் 5 நாள் உழைத்தால் 40 மணி உழைப்பு. மூன்றில் எதை நிலையாக வைப்பது என்பதை நாம் சொல்லிவிட வேண்டும். எஞ்சியவற்றில் ஒன்றை நாம் மாற்றினால், மற்றதை மென்பொருள் கணக்கிட்டுத் தரும். நம் கல்லூரிக்குள்ளேயே மூன்றுக்கும் சான்று உண்டு.

விடைத்தாள் திருத்துவது உழைப்பு நிலையான பணி. 640 விடைத்தாள்கள், மணிக்கு 5 வீதம் 128 மணி வேலை. நால்வர் அமர்ந்தால் 4 நாள்; எண்மர் அமர்ந்தால் 2 நாள். ஒரே ஒருவர் நூலகத்தில் பழைய நூல்களுக்குப் பட்டியல் எழுதுவது ஆள் நிலையான பணி. 400 நூலுக்கு 2 வாரம் என்றால் 600 நூலுக்கு 3 வாரம்.

தேர்வுக்கூடக் கண்காணிப்போ காலம் நிலையான பணி. மூன்று மணித் தேர்வுக்குப் பத்துக் கண்காணிப்பாளர் என்றால் உழைப்பு 30 மணி. இருபது பேரை நிறுத்தினால் 60 மணி. தேர்வு ஒரு நிமிடங்கூட முன்னதாக முடியாது. செலவாகும் உழைப்பு மட்டுமே இரட்டிக்கும்.

பங்கிடுவதா, கூட்டுவதா?

காலம் நிலையான பணியில் இரண்டாவது ஆளைச் சேர்க்கும்போது ஒரு வினா எழுகிறது: இருக்கும் வேலையை அவர் பங்கிட்டுக் கொள்கிறாரா, அன்றித் தம் பங்குக்குப் புதிய உழைப்பைச் சேர்க்கிறாரா? இதற்கென மென்பொருளில் ஒரு குறியீடு உண்டு. அதை இட்டால் 40 மணி வேலை ஆளுக்கு 20 மணியாகப் பிரியும். இருவரும் அந்த 5 நாளில் பாதி நேரமே உழைப்பர். அதை இடாவிட்டால் ஆளுக்கு 40 வீதம் மொத்தம் 80 மணி ஆகும். கருத்தரங்கக் கட்டுரைகளைத் தொகுப்பது முதல் வகை. தேர்வுக்கூடம் இரண்டாம் வகை. இதைக் கவனியாது விட்டால் உழைப்புக் கணக்கும் சம்பளக் கணக்கும் சேர்ந்தே பிழையாகும்.

சத்தமின்றி ஏறும் சுமை

இனித்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் வருகிறது. ஓர் ஆண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்த 5 நாள், திருத்துபவர் ஒருவர், வேலை 40 மணி. கடைசி நேரத்தில் மேலும் பல கட்டுரைகள் வந்து வேலை 60 மணியாகிறது என்று கொள்வோம். அச்சகத்தில் சொன்ன நாளோ மாறாது. மென்பொருள் என்ன செய்யும்? 60-ஐ 40-ஆல் வகுத்து, அந்த ஆளின் உழைப்பு அளவு 150 விழுக்காடு என்று எழுதிவிடும். அதாவது நாளுக்கு 12 மணி நேரம்! வரைபடத்தில் பட்டை மயிரிழையும் நீளாது. சுமை மீறிய ஆளைச் சிவப்பு நிறத்தில் காட்டி மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்கிறது. எனினும் நாள் வரிசையை மட்டுமே பார்க்கும் மேலாளர், திட்டம் நலமே என்று மகிழ்ந்துவிடுகிறார்.

நாளுக்கு 8 மணி என்று மென்பொருளின் நாட்காட்டியில் இருக்கும் அந்த எண் தானாக வந்ததன்று. 1886-இல் சிகாகோவில் தொழிலாளர் அதற்காகப் போராடினர். 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே தொழிற்சாலைகளுக்கு அதை வரையறுத்தது. 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். இத்தனை பேர் பாடுபட்டுப் பெற்ற எட்டு மணியை, கட்டத்தில் தட்டும் ஓர் எண் பன்னிரண்டாக்கிவிடலாமா?

வழி என்ன?

வழிகள் மூன்று: வேலையைக் குறைக்கலாம், நாளைத் தள்ளலாம், ஆளைச் சேர்க்கலாம். ஆளைச் சேர்ப்பதாயின் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். தாமதமான மென்பொருள் திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று, ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும்பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். பேசிக்கொள்ள வேண்டிய இணைகளும் பெருகும். நால்வருக்குள் 6 இணைகள், எண்மருக்குள்ளோ 28!

வள்ளுவர் வலியறிதலை 48-ஆம் அதிகாரமாகவும், காலமறிதலை 49-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். வலியை அறிந்த பின்னரே காலத்தை அறிதல் வருகிறது. நாளைப் பணிக்குச் சென்று திட்டம் வகுக்கப்போகும் நாமும் அவ்வரிசையைப் பின்பற்றுவோம். “எந்த நாளில் முடியும்?” என்று கேட்குமுன், “எத்தனை மணி உழைப்பு? அதை யார் தருவார்?” என்று கேட்போம். காலத்தை நிலையாக வைப்பது தவறன்று. அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்று பாராதிருப்பதே தவறு.