பிள்ளை பருத்துப்போனது யார் குற்றம்?

சில மாதங்களுக்கு முன் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பதின்மூன்று வயது மகனை முன்னே நிறுத்தி அவன் தாய் முறையிட்டார்: "சாமி, இவனுக்கு வாயைக் கட்டவே தெரியவில்லை. நீங்களாவது புத்தி சொல்லுங்கள்." நாமும் வேடிக்கையாக ஒரு சொல் சொல்லிச் சிரித்தோம். சிறுவன் தலை கவிழ்ந்தான். அடுத்த முறை சென்றபோது அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பின்னர் அவனுடைய அன்றாட வாழ்வைக் கேட்டறிந்தோம். காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன், மாலையில் டியூஷன், வீடு திரும்ப இரவு எட்டரை. சமைக்க நேரமின்றி வாரத்தில் மூன்று நாள் கடைப் பரோட்டா. பிறகு வீட்டுப்பாடம், கைபேசி. உறங்க நள்ளிரவாகிவிடும். இந்த அட்டவணையை வகுத்தவர் யார்? நிச்சயமாக அச்சிறுவன் அல்லன்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் 1990-இல் நூற்றுக்கு 8 பேர். 2022-இல் 20 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 2015–16-இல் 2.1 விழுக்காடாக இருந்த இத்தொகை, 2019–21-இல் 3.4 விழுக்காடாயிற்று எனத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ஒரு தலைமுறைக்குள் உலகத்துப் பிள்ளைகள் அனைவரும் பெருந்தீனிக்காரராகிவிட்டனர் என்று கூற முடியுமா? அவர்களைச் சூழ்ந்துள்ள வாழ்க்கையே மாறிவிட்டது.

பிறப்போடு வருவன

பசியின் அளவும் கொழுப்புச் சேரும் தன்மையும் ஓரளவு பரம்பரையாக வருபவை. கருவுற்ற காலத்தில் தாய்க்கு நீரிழிவு இருந்தால் பிள்ளை பருக்கும் வாய்ப்பு மிகுதி. நம் நாட்டுச் சிசுக்கள் எடை குறைந்து பிறந்தாலும், உடலில் கொழுப்பின் பங்கு ஒப்பளவில் கூடுதலாக இருப்பதைப் புனே நகர ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. "எல்லாம் தைராய்டு" என்பார் பலர். சுரப்பிக் கோளாறால் பருப்போர் மிகச் சிலரே. அவர்கள் பெரும்பாலும் உயரத்திலும் குன்றியிருப்பர்.

வீடு தருவன

குழந்தை அழுதால் பிஸ்கட். மதிப்பெண் வாங்கினால் ஐஸ்கிரீம். விருந்தினர் கையில் இனிப்புப் பொட்டலம். அன்பைக் காட்ட உணவன்றி வேறு வழி நாமறியோம். கைபேசியைக் காட்டி ஊட்டப்படும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. 300 மில்லி குளிர்பானப் புட்டி ஒன்றில் ஆறு தேக்கரண்டிக்குக் குறையாத சர்க்கரை இருக்கக்கூடும். குடித்த பின்னும் பசி தணிவதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என 2020-இல் விதி வகுக்கப்பட்டது. ஆனால் வீட்டு அலமாரிக்கு அவ்விதி எட்டாது.

பறித்துக்கொண்டவை

நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் பிள்ளைகள் உடல் வியர்க்க ஓடியாட வேண்டும். அந்த மணியை டியூஷன் எடுத்துக்கொண்டது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கோ தெருவும் திடலும் அடைபட்டன. பதின்வயதினருக்கு எட்டு மணி நேர உறக்கமேனும் தேவை. உறக்கம் குறைந்தால் பசி தூண்டும் சுரப்பு மிகும். மனமும் இனிப்பையும் பொரித்ததையும் நாடும்.

இவற்றோடு ஏளனமும் சேர்கிறது. பட்டப்பெயர் சூட்டப்பட்ட பிள்ளை ஆடுகளத்தை விட்டு ஒதுங்கும், மறைவில் உண்ணும், மேலும் பருக்கும். அன்று நாம் சிரித்த சிரிப்பும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதற்காக அச்சிறுவனிடம் பின்னர் வருத்தம் தெரிவித்தோம்.

பெற்றோரே! வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி எடையையும் உயரத்தையும் சேர்த்தே கணிக்கச் செய்யுங்கள். அவனுக்கு மட்டும் தனிப் பத்தியம் வேண்டாம். குடும்பம் முழுவதும் ஒரே உணவை, கைபேசியின்றி ஒன்றாய் அமர்ந்து உண்ணட்டும். டியூஷனில் இரண்டு மாலைகளை விடுவித்துத் திடலுக்கு அனுப்புங்கள். பிள்ளையின் தட்டைக் குறைகூறுமுன், அதில் பரிமாறிய கை யாருடையது என எண்ணிப் பார்ப்போமாக.