பள்ளி நூலகர் பட்டமேற்படிப்பு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் பள்ளி நூலகராக விரும்புவோர் பொதுவாகப் பயில்வது நூலக, தகவல் அறிவியல் முதுநிலைப் பட்டம் ஆகும். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஏற்பு பெற்ற பாடத்திட்டங்கள் இதற்கெனப் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. பள்ளி நூலகவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு கல்வியியல் துறைகள் வழங்கும் முதுநிலைப் பட்டமும் உண்டு.

வரலாறு

1887 இல் மெல்வில் டூயி கொலம்பியா கல்லூரியில் தொடங்கியதே அந்நாட்டின் முதல் நூலகவியல் பள்ளி. அதில் பெண்களைச் சேர்த்ததைக் கல்லூரி அறங்காவலர்கள் எதிர்த்தனர். 1889 இல் அப்பள்ளி ஆல்பனிக்கு இடம்பெயர்ந்தது.

பாடங்கள்

நூற்பகுப்பு, பட்டியலாக்கம், சிறுவர் இலக்கியம், நூல் தெரிவு ஆகியவற்றுடன் பள்ளியொன்றில் களப்பயிற்சியும் இடம்பெறும். பள்ளி நூலகர் நூல் வழங்குபவர் மட்டும் அல்லர். தகவலைத் தேடவும் அதன் நம்பகத்தன்மையை ஆராயவும் மாணவருக்குக் கற்பிப்பவரும் ஆவார். ஆகவே கற்பித்தல் முறைகளும் பாடமாகின்றன.

உரிமம்

பட்டம் மட்டும் போதாது. உரிமம் வழங்குவது மாநில அரசு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாசில் முதுநிலைப் பட்டம், உரிய பயிற்சி, இரண்டு ஆண்டு வகுப்பறை ஆசிரியர் அனுபவம், தேர்வு ஆகிய அனைத்தும் வேண்டும். கலிபோர்னியாவில் முதுநிலைப் பட்டம் கட்டாயமன்று, ஆனால் ஆசிரியர் உரிமம் முன்னரே பெற்றிருக்க வேண்டும். எனவே கற்பித்தல் பின்னணி இன்றி முதுநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் பொது நூலகத்தில் பணியாற்றலாம். இம்மாநிலங்களில் பள்ளி நூலகர் உரிமம் பெற இயலாது. படிப்பில் சேர்வோர் பலர் இதனைப் பிந்தியே அறிகின்றனர்.

உரிமம் பெற்றாலும் பணியிடம் உறுதியன்று. 2023 இல் ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் பல பள்ளிகளில் நூலகர் பணியிடங்களை நீக்கியது.